பழைய வீட்டில் சாக்கடை அடைக்கிறதா? கடப்பாரையைக் கடைசியில் எடுங்கள்

எங்கள் பூர்வீக வீடு கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டியதும் வரும் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், இரண்டு கட்டு, பின்னால் நீளமான கொல்லை. சென்னையை விட்டு வந்து அங்கே குடியேறிய முதல் வருஷத் தீபாவளியன்று, விடியற்காலை நான்கு மணியிலிருந்து பதினோரு பேர் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ஐந்தாவது ஆள் குளிக்கும்போதே தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. எட்டாவது ஆளுக்குச் சீயக்காய்த் தண்ணீர் முற்றத்துத் தூம்பு வழியாக மேலே வந்து கூடத்தில் ஏறிவிட்டது. வெளியே ஐப்பசி மழை. பெரியம்மா பலகாரத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் ஓர் ஆளை வரவழைத்து, அவர் காட்டிய இடத்தில் சமையலறைத் தரையை உடைத்தோம். அங்கே குழாயே இல்லை. சிமெண்டில் சிவப்புக் காவி கலந்து தாத்தா காலத்தில் மெழுகிய தரை அது. இன்றைக்கு அந்த வழவழப்பைக் கொண்டுவர ஆளில்லை. பங்குனியில் வயதான ஒரு கொத்தனார் வந்தார். கையில் கடப்பாரை இல்லை. “தம்பி, மொதல்ல தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாப்போம். ஒடைக்கிறது கடைசி வேலை” என்றார். அடைப்பு இருந்தது உடைத்த இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி, கொல்லையில், முருங்கை மரத்தடியில்.

பாகமாக வந்தோ, விலைக்கு வாங்கியோ, ஒத்திக்கு எடுத்தோ டெல்டாவில் ஒரு பழைய வீட்டுக்குள் புதிதாகப் போகிறவர்களுக்காக, அந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: தண்ணீர் போகும் வழியை வரைவது

வயலுக்கு வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் சொந்த வீட்டு வடிகால் எங்கே போகிறது என்று கேட்டால் பெரியவர்களே யோசிப்பார்கள். காரணம், அது ஒரே நாளில் போட்டதில்லை. வீடு கட்டும்போது இருந்தது முற்றத்து மழைத்தண்ணீர் போகும் தூம்பு மட்டும். ரேழிக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டி, மேலே கல் பாவி, தெருவுக்கு விட்டிருப்பார்கள். குளிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் கிணற்றடியில். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போய்விடும். வீட்டுக்குள் குளியலறை, கழிவறை, சிங்க் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தவை. அந்தந்தக் காலத்தில் கிடைத்த குழாயை, கிட்டத்தில் இருந்த வடிகாலில் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் ஒரே வீட்டில் மூன்று விதக் குழாய்கள் மூன்று விதமாகச் சந்திக்கின்றன.

ஒரு தாளில் வீட்டின் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு துளையையும் குறியுங்கள்: முற்றத்துத் தூம்பு, குளியலறை நானி டிராப் (தரைத் துளைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்), கழிவறை, சிங்க், துணி துவைக்கும் கல், மாடியிலிருந்து இறங்கும் குழாய். பிறகு வெளியே தெரியும் சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்கக் கட்டிய சின்னத் தொட்டி) மூடிகள், செப்டிக் டேங்க், தெருச் சாக்கடையில் சேரும் இடம். பல வீடுகளில் சேம்பர் மூடியின் மேலேயே சிமெண்ட் பூசியோ டைல்ஸ் ஒட்டியோ மறைத்திருப்பார்கள். தடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனால் அந்த இடம் கணகணவென்று வெற்றொலி தரும்.

அடுத்து நீலச் சோதனை. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஒரு துளையில் ஊற்றுங்கள். இன்னொருவர் எல்லாச் சேம்பர்களையும் திறந்து வைத்துப் பார்க்கட்டும். நீலம் எங்கே வருகிறது, எத்தனை நிமிஷத்தில் வருகிறது என்று எழுதுங்கள். அது வெளுத்த பிறகு அடுத்த துளை. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை. எங்கள் வீட்டில் சிங்க்கில் ஊற்றிய நீலம் எந்தச் சேம்பரிலும் வரவில்லை. அரைமணி கழித்து வாழை மரத்தடியில் ஈரமாக ஊறியது. எத்தனை வருஷமாக அந்தக் குழாய் பாதி வழியிலேயே உடைந்து கிடந்ததோ!

வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஒட்டுச்சுவர் வீடுகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் உங்கள் வடிகால் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகவோ, அவர்களுடையது உங்கள் வீட்டுக்கு அடியிலோ போகலாம். பழைய பத்திரங்களில் நடைபாதைப் பாத்தியத்தோடு ஜலதாரைப் பாத்தியம் என்றும் எழுதியிருப்பார்கள். தண்ணீர் போகும் வழியைப் பற்றிய உரிமை அது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பழைய குழாயை அடைத்தால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வரும்.

இரண்டாவது: என்ன குழாய் என்று பார்ப்பது

சேம்பரைத் திறந்தால் குழாயின் வாய் தெரியும். பழுப்பாக, உள்ளே கண்ணாடிப் பூச்சு போல மினுமினுத்தால் அது சுட்ட மண் குழாய். கடையில் ஸ்டோன்வேர் என்பார்கள். மண் நல்ல மண்தான், எளிதில் அரிக்காது. குறை இணைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய இரண்டு அடிதான். அறுபது அடி ஓட்டத்தில் முப்பது இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முப்பதிலும் சணலைத் திணித்துச் சிமெண்ட் கலவை பூசியிருப்பார்கள். கலவை விறைப்பானது, நம் மண் அப்படியில்லை. கீழ் டெல்டாவின் களிமண் சித்திரையில் காய்ந்து விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் ஊறிப் பருத்து மேலே தள்ளும். வருஷம்தோறும் இப்படி அசைத்தால் கலவை விட்டுப் போகாமல் என்ன செய்யும்? விட்ட இடத்தில் வேர் நுழைகிறது, மண் இறங்குகிறது, குழாய் ஒரு துண்டு மட்டும் தாழ்ந்து தொட்டி போலத் தண்ணீரைத் தேக்குகிறது.

கறுப்பாக, கனமாகச் சுவரோடு ஒட்டி மாடியிலிருந்து இறங்குவது வார்ப்பிரும்பு. அது உள்ளே துருப்பிடித்துத் தடித்துக்கொண்டே போகும். வெளியே நான்கு அங்குலம், உள்ளே கை நுழையாது. சுவரைப் பார்த்த பக்கம் நீளமாகக் கீறல் விடுவதும் உண்டு. முன்பக்கம் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக இருக்கும், பின்சுவர் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரம் மழைக்காலத்தில் மட்டும் வந்தால் கூரை ஓடுகளைப் பாருங்கள். கோடையிலும் இருந்தால் இந்தக் குழாயைப் பாருங்கள்.

சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயாக இருக்கலாம். அதை ரம்பத்தாலோ கட்டர் மெஷினாலோ அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நனைத்து, முழுத் துண்டாகக் கழற்றி, தனியே கட்டி வைத்து அகற்ற வேண்டும். வேலைக்கு வரும் ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

செங்கல் கட்டிக் கல் பாவிய முற்றத்து வடிகாலைப் பார்த்தால் உடனே பி.வி.சி. போட்டு மூடத் தோன்றும். என் கருத்தில் அதை விட்டுவைப்பதே நல்லது. கல்லைத் தூக்கிக் கையால் மண்ணை வழித்துவிடலாம். மழைத்தண்ணீருக்கு அதைவிட அகலமான பாதையை நீங்கள் இன்று அமைக்க முடியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதில் பிற்காலத்தில் சேர்த்த குளியலறை, சிங்க் தண்ணீரைப் பிரித்துத் தனிக் குழாயில் விடுவது.

மூன்றாவது: நோய் எந்த இடத்தில்?

ஒரே ஒரு துளை மட்டும் மந்தமாக இறங்கினால் அடைப்பு அந்தத் துளைக்குக் கீழேதான், டிராப்பிலோ முதல் இரண்டடியிலோ இருக்கும். முடி, சீயக்காய்த் தூள், சோப்பு மூன்றும் சேர்ந்து கயிறு போலத் திரண்டிருக்கும். சிங்க் என்றால் எண்ணெயும் காபித் தூளும். டிகிரி காபி குடிக்கும் வீட்டில் ஃபில்டரைச் சிங்க்கில் தட்டிக் கழுவுவது அன்றாட வழக்கம். அந்தத் தூள் கரையாது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி நாளுக்கு நாள் கெட்டிப்படும். அதைச் செடிக்குப் போடுங்கள்.

எல்லாத் துளைகளும் மந்தம், கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் குளியலறையில் குளுகுளுவென்று சத்தம் என்றால் முக்கியக் குழாயில் அடைப்பு, அல்லது காற்றுக் குழாய் அடைந்திருக்கிறது. மாடிக்கு மேலே நீட்டியிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் குளவிக் கூடு, காய்ந்த இலை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் சேம்பர்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரு சேம்பர் நிறைந்து நிற்கிறது, அடுத்தது காய்ந்து கிடக்கிறது என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். இவ்வளவு எளிது. இதைப் பார்க்காமல்தான் நாங்கள் தரையை உடைத்தோம்.

நாற்றம் மட்டும் வருகிறது, தண்ணீர் நன்றாகப் போகிறது என்றால் பல சமயம் வெறும் வறட்சிதான். புழங்காத குளியலறையின் டிராப்பில் தேங்க வேண்டிய தண்ணீர் கோடையில் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. வாரம் ஒரு செம்பு ஊற்றினால் போதும். பழைய வீடுகளில் டிராப்பே வைக்காமல் குழாயை நேராக இறக்கியிருப்பதும் உண்டு. அப்படியானால் டிராப் வைப்பதைத் தவிர வழியில்லை. கரப்பான் பூச்சி கூட்டமாக வரும் துளை என்றால் அங்கே டிராப் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மழை நாளில் மட்டும் தண்ணீர் எதிர்த்து வந்தால் அது வேறு கதை. அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

சேம்பருக்குள் புது மண் குவிந்திருக்கிறதா? தரையில் ஒரு கல் திடீரென்று தாழ்ந்திருக்கிறதா? பெருச்சாளி. உடைந்த இணைப்பின் வழியாக வெளியே வந்து, குழாயை ஒட்டியே வளை தோண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தாழ்வாரத்துத் தூணின் அடியே வெற்றிடமாகிவிட்டது. எலிப்பாஷாணம் வைத்துப் பயனில்லை. உடைந்த இடத்தை மாற்றி, வளையை மண்ணும் கல்லும் போட்டுக் கெட்டித்து, திறந்த வாய்களுக்கெல்லாம் கம்பிச் சல்லடை போட வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் போயிருக்கும். தண்ணீர் வராத நேரத்தில் குடிதண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருக்காது. அதில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் குழாய் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால், மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதை முதலில் சரி செய்யுங்கள். அதுவரை காய்ச்சாமல் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

அடைப்பை எடுப்பது

வரிசை இதுதான். முதலில் ரப்பர் பம்ப். குளியலறையில் இன்னொரு துளை இருந்தால் அதை ஈரத்துணியால் இறுக அடைத்துவிட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். அடுத்து சுருள் கம்பி. பத்து, பதினைந்து அடி நீளத்தில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும், குத்தக் கூடாது. ஊரில் மூங்கில் பிளாச்சை விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். வளைவில் அது முறிந்து உள்ளேயே தங்கினால் அடைப்புக்கு மேல் அடைப்பு. நேரான ஓட்டத்துக்கு மட்டும், முனையில் துணி சுற்றி, பின்னால் கயிறு கட்டி விடுங்கள். முடிந்தால் காய்ந்திருக்கும் கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் குத்துங்கள். அடைப்பு உடைந்ததும் தேங்கிய தண்ணீர் பாய்ந்து வரும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட் ஊற்றாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஆசிட் முடியைக் கரைக்காது, வேரைக் கரைக்காது. சுண்ணாம்பையும் சிமெண்டையும் கரைக்கும், வார்ப்பிரும்பை அரிக்கும். ஏற்கெனவே விட்டுப்போன இணைப்பில் மிச்சமிருக்கும் கலவையையும் தின்றுவிடும். அதைவிட மோசமானது, ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது உயிரைக் குடிக்கும். காஸ்டிக் சோடா எண்ணெய்ப் பிசுக்குக்குக் கேட்கும். ஆனால் தண்ணீர் முழுதாக நிற்கும்போது போட்டால் அடியில் கட்டியாக உறைந்துவிடும். பிறகு கம்பி விடுகிறவர் மேல் அது தெறிக்கும். ஏதாவது ஊற்றியிருந்தால் வேலைக்கு வருகிறவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

பிசுக்குக்கு நான் செய்வது, வாரம் ஒருமுறை கை பொறுக்கும் சூட்டில் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுவது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. இளகும்.

செப்டிக் டேங்க்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

எந்தச் சூழ்நிலையிலும் ஒரு மனிதரை டேங்குக்குள் இறங்க விடாதீர்கள். ஆள் கிடைத்தாலும், அவரே முன்வந்தாலும், “நாங்க பாக்காததா சார்” என்றாலும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மயக்கம் வரும். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் இறந்துபோவதைச் செய்திகளில் படித்துக்கொண்டே இருக்கிறோம். 2013ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. இறக்கிவிட்டவருக்கு முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. நம் பழைய வீடுகளின் கொல்லைக் கடைசியில் இருந்த எடுப்புக் கழிப்பறைகளை யார் கையால் சுத்தம் செய்தார்கள், அதற்காகவே விட்ட பின் சந்து எது என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கத்தின் மிச்சம் நம் வீட்டில் நடக்கக் கூடாது.

கழிவு உறிஞ்சும் லாரியை மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து மூலம் கூப்பிடுங்கள். 14420 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். அள்ளியதை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று லாரிக்காரரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும், வாய்க்காலுக்கு அல்ல. அந்த வாய்க்காலில்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருகிறது.

புதிதாக வருகிறவர்கள் மூடியைத் திறந்து பார்த்து, டேங்க் நிறைந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். நல்ல டேங்க் எப்போதும் வெளியேறும் குழாயின் மட்டம் வரை தண்ணீரோடுதான் இருக்கும். பார்க்க வேண்டியது அடியில் படிந்த கசடு. அது மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். லாரி எடுத்த இரண்டே நாளில் மறுபடி நிறைந்தால் வெளியிலிருந்து தண்ணீர் ஊறுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடி, மழையும் பெய்யும் மாதங்களில் நம் பக்கம் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும். அடித்தளம் பூசாத பழைய செங்கல் டேங்கிலும், உறை இறக்கிய குழியிலும் அது புகுந்துவிடும். அந்த வழியே உள்ளிருப்பதும் வெளியே போகும் என்பதுதான் பெரிய கவலை. கிணறு அறுபது அடிக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மழைக்காலத்தில் டேங்கை அடிவரை வழித்தெடுக்கவும் வேண்டாம். வெறுமையான டேங்கைக் கீழிருந்து நீர் அழுத்தி அடித்தளத்தை வெடிக்க வைக்கும்.

தெரு உயர்ந்துவிட்டது

கும்பகோணத்திலோ தஞ்சாவூர்க் கீழவாசல் பக்கமோ ஒரு பழைய தெருவில் நடந்து பாருங்கள். நான்கு படி ஏறிப் போன திண்ணைகளுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். சில வீடுகளுக்கு இறங்கித்தான் போக வேண்டும். சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர, வீடு அதே இடத்தில் நிற்கிறது. தாத்தா கட்டியபோது தெருவை நோக்கிச் சரிந்த வடிகால் இன்று தெருச் சாக்கடையை விடத் தாழ்வு. மழையில் தெரு நிரம்பினால் தண்ணீர் நம் முற்றத்துக்குத்தான் வரும். எவ்வளவு குத்தினாலும் இது தீராது, ஏனென்றால் அடைப்பே இல்லை.

மட்டம் பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய ட்யூப் போதும். தெருச் சாக்கடையின் நீர்மட்டம், முற்றத்துத் தரை, குளியலறைத் தரை மூன்றையும் ஒப்பிடுங்கள். முற்றம் கொஞ்சமாவது உயரமாக இருந்தால், வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் சேம்பர் கட்டி, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு வைக்கலாம். அதன் மடல் குப்பை சிக்கித் திறந்தே நின்றுவிடும், எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை கழுவ வேண்டும். முற்றம் தாழ்வாகவே இருந்தால் மழைத்தண்ணீரைக் கொல்லைப் பக்கம் திருப்புங்கள். அதுவும் முடியாத இடத்தில் ஒரு குழி கட்டி மோட்டார் வைப்பதுதான் வழி. ஓட்டுத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரக் கனமழை போதும், எல்லாம் எதிர்த்து வரும்.

உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்புக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பெறுங்கள். கிராமத்தில் அது இல்லாவிட்டால் கழிவறையை மட்டும் டேங்குக்கு விட்டு, குளியல், சமையல் தண்ணீரைப் பழைய முறைப்படி வாழைக்கு விடுவதை நான் முழு மனதோடு சொல்வேன். டேங்கின் பாரம் பாதிக்கு மேல் குறையும். முருங்கை, அரசு, வேம்பு, தென்னை எதுவும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டுதான் வரும். வேரை வெட்டியெடுத்தால் அடுத்த வருஷம் மறுபடி வரும். இணைப்பை மாற்றினால்தான் நிற்கும்.

குழாயை மாற்ற முடிவெடுத்தால்

காலம் முக்கியம். மழைக்காலத்தில் குறைகளைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, பங்குனி, சித்திரையில் தோண்டுங்கள். அப்போது நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், பள்ளம் சரியாது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். ஆற்றில் தண்ணீர் வந்து கொல்லை மண் ஊறுவதற்குள் மூடிவிட வேண்டும்.

கழிவுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுக்கும் மழைநீருக்குமான பி.வி.சி.) குழாயில் பி வகை கேளுங்கள். ஏ வகை மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. சுவர் மெல்லியது, விலை குறைவு என்பதால் அதையே எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள். குழாயின் மேல் ஐ.எஸ். 13592 என்று அச்சிட்டிருக்கும். மண்ணுக்கடியில் நீளமாகப் போகும் ஓட்டத்துக்கென்றே தனித் தரம் ஐ.எஸ். 15328. நம் களிமண்ணில் சொல்யூஷன் ஒட்டுவதைவிட ரப்பர் ரிங் இணைப்பு மேல் என்பது என் அனுபவம். மண் அசையும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முழுதாகச் செருகிய பிறகு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னே இழுத்துவிடச் சொல்லுங்கள். வெயிலில் நீள இடம் வேண்டும்.

சரிவு, பத்து அடிக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல விடாதீர்கள். ட்யூப் மட்டத்தோடு, ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு முளை அடித்து நூல் கட்ட வேண்டும். பள்ளத்தின் அடியில் நான்கு அங்குலம் மணல். உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுக்கக் கூடாது. அந்தச் செங்கல் இருக்கும் இடத்தில்தான் குழாய் பின்னால் உடையும். செங்கோண வளைவு ஒன்றுக்குப் பதில் பாதிக் கோண வளைவு இரண்டு. திரும்பும் இடத்திலெல்லாம் சேம்பர், நேர் ஓட்டத்திலும் இருபது முப்பது அடிக்கு ஒன்று. சேம்பரின் அடி தட்டையாக இருந்தால் கழிவு தங்கும். குழாய் வாயிலிருந்து வாய்க்கு அரைவட்ட ஓடை வைத்து, இருபுறமும் சரிவாகப் பூச வேண்டும்.

கையில் பணம் குறைவா? எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டியதில்லை. கழிவறையிலிருந்து முதல் சேம்பர் வரையும், மரத்தை ஒட்டிய ஓட்டமும் முதலில். குளியலறை அடுத்த வருஷம். நாங்கள் மூன்று கோடையில் முடித்தோம்.

மண் தள்ளுவதற்கு முன் கொத்தனாரை அவசரப்பட விடாதீர்கள். கீழ் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மேல் சேம்பரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். கோடு இறங்கினால் எந்த இணைப்பு ஈரமாகிறது என்று அப்போதே தெரியும். பிறகு குழாயைவிட அரை அங்குலம் சிறிய பந்தை மேலே போட்டு ஒரு வாளி ஊற்றுங்கள். கீழ்ச் சேம்பரில் அது தானாக வந்து விழ வேண்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை பந்து வரவில்லை. நடுவில் ஒரு குழாய் அரை அங்குலம் தூக்கியிருந்தது. அன்று சாயங்காலமே பிரித்து மணலைச் சரி செய்தோம்.

அதன் பிறகு சுவரிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். முதல் நாள் வரைந்த தாளில் புதுக் குழாயை வேறு மையில் போட்டு, தேதியையும் குழாயின் அளவையும் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வையுங்கள். எங்கள் தாள் பெட்டியில் தாத்தாவின் கிரயப் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது. படம் எடுத்தாகிவிட்டது என்றால் மண் தள்ளச் சொல்லலாம்.